ஐம்பத்தெட்டுத் தறிகள் நின்ற ஒரு மணி நேரம்

2025 பிப்ரவரி 22, சனிக்கிழமை, காலை பத்து மணி நாற்பது நிமிடம். பனி விலகி வெயில் ஏறிக்கொண்டிருந்தது. காற்று துளியும் இல்லை. ஜலகண்டாபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு தறிக்காரத் தெருவில், மாரியம்மன் கோயில் மண்டபத்து வாசலில், கையில் ஸ்டாப்வாட்சோடு நின்றிருந்தேன். அப்போது எனக்கு வயது அறுபத்தெட்டு. முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவன். அந்த மண்டபத்துக்குச் சத்தம் எட்டும் தூரத்தில் ஐம்பத்தெட்டு விசைத்தறிகள் ஓடுகின்றன. நானே இரண்டு முறை நடந்து எண்ணியது. இன்னும் ஐந்து நிமிடத்தில் அத்தனையும் எனக்காக நிற்க வேண்டும். மின்தடை கிடையாது, பண்டிகை கிடையாது. நிறுத்துவார்களா என்ற கவலையில் காலையில் போட வேண்டிய பிரஷர் மாத்திரையைக்கூட மறந்திருந்தேன்.

அங்கே ஏன் போய் நின்றேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

நாமக்கல் பக்கம் ஒரு பள்ளியில் முப்பத்து நான்கு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வெள்ளிக்கிழமை பின்னங்களை அழகாகக் கூட்டிக் காட்டிய பிள்ளை திங்கட்கிழமை மலங்க மலங்க விழிக்கும். நடுவில் இரண்டு நாளில் அந்தத் தலைக்குள் என்னதான் நடந்தது என்பது எனக்கு ஓயாத அரிப்பு. கல்வி நரம்பியல் என்று ஒரு முதுகலைப் படிப்பு வந்திருக்கிறது, மூளை எப்படிக் கற்கிறது என்பதுதான் பாடமே என்று தெரிந்ததும் விண்ணப்பம் போட்டேன். சேர்க்கை நாளன்று அலுவலகத்தில், "யாரைச் சேர்க்க வந்திருக்கீங்க?" என்று கேட்டார்கள். என்னைத்தான் என்றேன். வகுப்பில் பத்தொன்பது பேர். மற்ற பதினெட்டு பேரில் ஒருவருக்கும் இருபத்தாறு தாண்டவில்லை.

திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர்வண்டி வைத்திருக்கும் என் மகன் போனில் சிரித்தான். "அப்பா, இந்த வயசுல எதுக்கு மூளை ஆராய்ச்சி? இருக்கற மூளைய வெச்சுட்டு நிம்மதியா இருங்க." என் மனைவி அவனைவிட ஒரு படி மேல். "ஊரான் புள்ளைக தலைக்குள்ள என்ன இருக்குதுன்னு பாக்கறதுக்கு முன்னாடி, உங்க தலைக்குக் கொஞ்சம் எண்ணெய் வெச்சுட்டுப் போங்க" என்றாள்.

இரண்டாம் ஆண்டில் ஒரு ஆய்வு செய்து சமர்ப்பித்தால்தான் பட்டம். எங்களிடம் மூளையைப் படம் பிடிக்கும் இயந்திரமெல்லாம் இல்லை. எண் அட்டைகள், வாசிப்புத் தாள்கள், ஸ்டாப்வாட்ச், சத்தம் அளக்கும் ஒரு செல்போன் செயலி, அவ்வளவுதான். நான் எடுத்துக்கொண்டது செயல்நினைவு. மனக்கணக்குப் போடும்போது எண்களைக் கொஞ்ச நேரம் தலையில் பிடித்து வைத்திருக்கிறோம் இல்லையா, அதுதான். சத்தம் அந்தப் பிடியைத் தளர்த்தும் என்று வகுப்பில் படித்தோம். உடனே எனக்கு அந்தத் தறிக்காரத் தெருவுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனபோது பார்த்த காட்சி ஞாபகம் வந்தது. தறிக்கொட்டகைக்குள் ஒரு ஸ்டூலைப் போட்டு, தறி கடகடவென்று அடிக்கிற சத்தத்துக்கு நடுவே ஒரு பிள்ளை வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தது. பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்தில் வளரும் பிள்ளைகளின் படிப்பை அது கெடுக்கிறதா? இதுதான் என் கேள்வி.

பெற்றோரின் சம்மதத்தோடு அந்தத் தெருவில் ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகள் முப்பத்தாறு பேரைச் சேர்த்தேன். டிசம்பரில் ஒரு சனிக்கிழமை, தறிகள் ஓடும்போது ஒரு பரீட்சை. ஜனவரியில் இன்னொரு சனிக்கிழமை, அமைதியில் அதே மாதிரி ஒரு பரீட்சை. அமைதிக்கு எங்கே போவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, மாதத்தில் ஒருநாள் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்துகிறார்களே, அது ஞாபகம் வந்தது. காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரு தறி ஓடாது. காசு செலவில்லாமல் எனக்கு அமைதி கிடைத்துவிட்டது என்று பூரித்துப் போனேன்.

விடைத்தாள்களைத் திருத்தியபோது கண்ணை நம்ப முடியவில்லை. பிள்ளைகள் சத்தத்தில் நன்றாகச் செய்திருந்தார்கள். அமைதியில்தான் கோட்டை விட்டிருந்தார்கள். மூன்று முறை கூட்டிப் பார்த்தேன். மாறவில்லை.

எனக்கு வழிகாட்டியாக இருந்த பேராசிரியைக்கு என் மகளாக இருக்கும் வயது. அவர் நாற்காலியிலிருந்தே எழுந்துவிட்டார். "சார், இது பெரிய விஷயம்! இந்தப் பிள்ளைங்களோட மூளை சத்தத்துக்குப் பழகிடுச்சு. இவங்களுக்கு அமைதிதான் தொந்தரவு. இத யாரும் எதிர்பார்க்க மாட்டாங்க." மார்ச் மாதம் கோயம்புத்தூரில் ஒரு கருத்தரங்கில் நான் வாசிக்கலாம் என்று சுருக்கமும் அனுப்பிவிட்டார். ஒரு வெள்ளைச் சட்டை தைக்கக் கொடுத்தேன். மகனிடம் சொன்னபோது முதல் முறையாக அவன் சிரிக்கவில்லை.

பிப்ரவரி முதல் வாரம், பிள்ளைகளுக்கு நன்றி சொல்ல ஆளுக்கு ஒரு பென்சில் பெட்டி வாங்கிக்கொண்டு அந்தத் தெருவுக்குப் போனேன். எல்லாம் ஓடிவந்து வாங்கிக்கொண்டன. ஒரு பெண் பிள்ளை மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றது.

"எனக்கு வேண்டாங்."

"ஏன் சாமி?"

"உங்களாலதான் நான் மேட்டூர் போகல."

எனக்குப் புரியவில்லை. எதற்கு மேட்டூர் என்று கேட்டேன்.

"கரண்ட் இல்லாத அன்னிக்குத்தான சார் எல்லாரும் போவோம். டேம் பார்க்குக்கு. மீன் வறுவல் திங்க. எங்கப்பா, எங்கம்மா, தம்பி எல்லாம் வண்டியில போயிட்டாங்க. நீ பரிச்ச எழுதோணும்னு என்னைய மட்டும் பெரியம்மா ஊட்டுல உட்டுட்டுப் போயிட்டாங்க."

"நீ மட்டுமா?"

"இவளுந்தான். அவனுந்தான். அவன் அழுதான், வேணும்னா கேளுங்க."

"நான் ஒண்ணும் அழுவல!" என்று ஒரு பையன் கத்தினான்.

"தம்பிக்கு நாலு துண்டு சார். எனக்கு ஒண்ணுகூடக் கொண்டாரல. கேட்டா, ஆறிப்போனா நல்லாருக்காதுங்கறாங்க."

மற்ற பிள்ளைகளையும் விசாரித்தேன். தறிக்கார வீடுகளில் ஞாயிற்றுக்கிழமைகூடப் பாதி நாள் தறி ஓடும். அப்பா அம்மா இரண்டு பேருக்கும் பகலில் ஒன்றாகக் கை ஓய்வது அந்தக் கரண்ட் இல்லாத நாளில் மட்டும்தான். அந்த நாளில் மேட்டூர், இல்லாவிட்டால் மாமன் வீடு, அதுவும் இல்லாவிட்டால் தெரு முழுக்க ஒரே விளையாட்டு. மாதம் ஒரு தீபாவளி மாதிரி. அந்த நாளில்தான் நான் முப்பத்தாறு பேரையும் மண்டபத்துக்குள் உட்கார வைத்திருக்கிறேன். வெளியே மற்றப் பிள்ளைகள் ஆடும்போது, இவர்கள் என் எண் அட்டைகளைப் பார்த்து ஏழு, மூன்று, ஒன்பது என்று நினைவு வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. நான் அமைதியை அளந்தேன் என்று நினைத்தேன். அளந்ததெல்லாம் மேட்டூர் போக முடியாத ஆத்திரத்தை.

திங்கட்கிழமை பேராசிரியையிடம் சொன்னேன்.

"சார், எந்த ஆய்வுலயும் இப்படி ஏதாவது இருக்கும். ஆய்வின் வரம்புகள்னு ஒரு பகுதி இருக்கில்ல, அதுல ஒரு வரி சேர்த்துடலாம்."

முதல் வரியிலேயே கணக்கு தப்பாக இருந்தால், கடைசி வரியில் ஒரு குறிப்பு எழுதி அதைச் சரியாக்க முடியாது. இப்படித்தான் நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தது. அதையே அவரிடமும் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. மார்ச் 31 கடைசி நாள், தவறினால் அடுத்த வருடம்தான் என்று மட்டும் ஞாபகப்படுத்தினார். என் வயதில் ஒரு வருடம் என்பது சில்லறை இல்லை. இந்த உடம்பை நம்பி அடுத்த வருடத்துக்கு எதையும் நான் தள்ளிப்போடுவதில்லை. ஆனாலும் கருத்தரங்கிலிருந்து பெயரை எடுத்துவிடச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். மறுபடியும் செய்வது என்று படியிறங்கும்போதே முடிவு செய்துவிட்டேன்.

இந்த முறை ஒரே காலையில் பாதிப் பரீட்சை சத்தத்தில், பாதி அமைதியில். அடுத்த சனிக்கிழமை வரிசையை மாற்றி, முதலில் அமைதி, பிறகு சத்தம். எல்லாருக்கும் வேலை நாளாகவே இருக்க வேண்டும். அப்படியென்றால் ஓடிக்கொண்டிருக்கும் தறிகளை நிறுத்தியாக வேண்டும்.

அந்தத் தெருவில் ஆறு தறி வைத்திருக்கும் ஒரு அம்மாள் உண்டு. ஐம்பது வயதிருக்கும். அவர் பேத்தியும் என் முப்பத்தாறு பேரில் ஒருத்தி. வீட்டுக்காரர் வேட்டி பீஸ்களை ஜவுளிக்காரரிடம் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வருவார். மற்றதெல்லாம் இந்த அம்மாள்தான். தெருவே அக்கா என்று கூப்பிடும், சொன்னதைக் கேட்கும். அவர் கொட்டகைக்குள் போய், காதோடு காதாகக் கத்தி விஷயத்தைச் சொன்னேன்.

"ஏனுங்க சார், இந்தச் சத்தத்துலதான் எங்க பொழப்பே ஓடுது. அத நிறுத்தச் சொல்றீங்களா?"

"ஒரு மணி நேரந்தாங்க. ரெண்டு சனிக்கிழமை."

"கரண்ட் போனா யாருகிட்டயும் கேக்க முடியாது, உட்டுட்டோம். நீங்க வந்து நிறுத்தச் சொன்னா கூலி குடுக்கோணும். ஆமா, இந்தப் பரிச்ச பாஸானா உங்களுக்கு என்ன வேல கெடைக்கும்?"

"வேலையெல்லாம் கிடைக்காதுங்க."

"வேலையுமில்ல, சம்பளமுமில்ல. அப்பறம் எதுக்கு இந்தப் பாடு?"

"இந்தச் சத்தம் உங்க பிள்ளைங்க படிப்பக் கெடுக்குதா இல்லையான்னு தெரிஞ்சுக்கணும்."

ஒரு தறியில் இழை அறுந்தது. அந்த அம்மாள் போய் நிறுத்தி, முடிச்சுப் போட்டு, ஓட்டிவிட்டு வந்தார். முகம் மாறியிருந்தது.

"கெடுக்குதுன்னு வந்தா என்ன பண்றதுங்க? தறிய வித்துப்போடறதா?"

அதுவரை நான் அந்தக் கேள்வியை அந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததே இல்லை. எனக்கு அது பட்டம். அவருக்கு அது பேத்தியின் படிப்பும் ஆறு தறியும். "எப்படி வந்தாலும் உங்ககிட்ட வந்து சொல்றேன்" என்றேன். "கெடுக்குதுன்னாலும் சொல்றேன். மறைக்க மாட்டேன்."

"சொல்லித்தான ஆகோணும். தறிக்கு, மணிக்கு நாப்பது ரூபா."

"இருபது."

"அட போங்க சார். வாத்தியாருன்னு சொல்லிட்டுக் கத்திரிக்கா வெல கேக்கறீங்களே."

இருபத்தெட்டில் முடிந்தது. பேரம் முடிந்தும் ஒரு விரலைத் தூக்கினார். "திடுதிப்புனு நிறுத்தி ஓட்டினா துணியில பட்டை விழுகும். ஜவுளிக்கார மொதலாளி அத வெலையில கழிச்சுப்போடுவாரு. பட்டை விழுந்தா அது தனி." ஒப்புக்கொண்டேன். எனக்கு இன்னொரு பயம் இருந்தது. தறி நின்றதும் எல்லாரும் வெளியே வந்து கதை பேச ஆரம்பித்தால், மறுபடியும் பிள்ளைகளுக்குத் திருவிழா ஆகிவிடும். அதையும் சொன்னேன்.

"சனம் பழமை பேச வெளிய வந்துரும், நெசந்தான். அத நான் பாத்துக்கறேன். அதுக்குத் தனியாக் காசு வேண்டாம்."

இப்படித்தான் பிப்ரவரி 22 வந்தது. பத்து மணி நாற்பத்தைந்து. மண்டபத்துக்குள் பிள்ளைகள் சத்தத்தில் முதல் பாதியை எழுதி முடித்து, தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் கைக்குட்டையைத் தூக்கினேன். அக்கா அவர் கொட்டகையில் சுவிட்சை இறக்கினார். அடுத்த வீடு. எதிர்வீடு. ஒவ்வொன்றாகச் சத்தம் உதிர்ந்து, தெருக்கோடியில் கடைசித் தறி மட்டும் தனியாக அடித்துக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்றது. பட்டப்பகலில், கம்பியில் கரண்ட் இருக்கும்போது, அந்தத் தெரு அப்படி அடங்கி நான் பார்த்ததில்லை. யாரும் பார்த்ததில்லை என்றார்கள் பிற்பாடு. கதவுகள் திறந்திருந்தன. ஒவ்வொரு கொட்டகையிலும் ஆட்கள் நின்ற தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் வெளியே வரவில்லை, ஒருவரும் பேசவில்லை. ஒரு தாத்தா தும்மல் வந்து துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

இருபத்தோராவது நிமிடம், தெருமுனையில் ஒலிபெருக்கி. "வெங்காயம், வெங்காயம், நாலு கிலோ நூறு ரூபாய்!" ஒரு ஆட்டோ தெருவுக்குள் திரும்பியது.

உள்ளே பிள்ளைகள் எண் அட்டைகளில் இருந்தார்கள். அது போச்சு என்றால் இந்த நாள் போச்சு, மார்ச் 31 போச்சு. நான் நகர்வதற்குள் அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடிவந்து ஆட்டோவின் குறுக்கே நின்றார். வாயில் விரலை வைத்தார். வெங்காயக்காரர் ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு, அடங்கிக் கிடந்த தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார்.

"என்னக்கா, யாராச்சும் செத்துப்போயிட்டாங்களா?" என்றார், பயந்துபோன குரலில்.

"வாயத் தொறந்தீன்னா நீதான்" என்று அக்கா கிசுகிசுத்தார்.

வண்டியைக் கிளப்பினாலும் சத்தம் வரும். அதனால் நான்கு தறிக்காரர்கள் சத்தமில்லாமல் இறங்கி வந்து, அந்த வெங்காய ஆட்டோவைக் கையாலேயே தள்ளிக்கொண்டுபோய் மெயின் ரோட்டில் விட்டார்கள். டிரைவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி திறந்த வாயை மூடாமல் உட்கார்ந்திருந்தார். மண்டபத்துக்குள் எட்டிப் பார்த்தேன். ஒரு தலையும் நிமிரவில்லை.

அடுத்த சனிக்கிழமையும் நிறுத்தினார்கள். அன்றைக்குத் தெருமுனையிலேயே ஒரு ஆளை நிற்க வைத்துவிட்டார் அக்கா.

விடைத்தாள்களைத் திருத்தினேன். வித்தியாசம் அரை மதிப்பெண்கூட இல்லை. சத்தத்தில் எப்படியோ, அமைதியிலும் அப்படியே. பேராசிரியை தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சார், இதுல சொல்றதுக்கு ஒண்ணுமே இல்லையே" என்றார். ஒன்றுமில்லை என்பதைத்தான் சொல்லப் போகிறேன் என்றேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மார்ச் 28 அன்று சமர்ப்பித்தேன். வாய்மொழித் தேர்வில் வெளியூரிலிருந்து வந்திருந்தவர் என்னை வெங்காய ஆட்டோவைப் பற்றி இரண்டு முறை சொல்ல வைத்தார். தேர்ச்சி. நடுத்தர மதிப்பெண்தான். முதல் கணக்கை அப்படியே கொடுத்திருந்தால் மெடலே வந்திருக்கலாம்.

சொன்னபடி அந்தத் தெருவுக்குப் போனேன். அக்கா தறியை நிறுத்தாமல், என்ன என்பது போலப் பார்த்தார்.

"கெடுக்கலீங்க" என்று கத்தினேன். "நாங்க வெச்ச இந்தப் பரீட்சையில, இந்த முப்பத்தாறு பேருக்கு, நாங்க பார்த்த வரைக்கும் கெடுக்கல."

"அந்த ‘வரைக்கும்’ எதுக்குங்க?"

"அதுக்கு மேல எனக்குத் தெரியாதுங்க. காது வேற விஷயம். பிள்ளைங்க காத ஒரு டாக்டர்கிட்டக் காட்டிருங்க."

"செரி" என்றார் அக்கா. அந்த ஒரு சொல்லை அவர் சொன்ன விதத்தில் எவ்வளவு நாள் கவலை இறங்கியது என்று எனக்குத் தெரிந்தது. அடுத்த மூச்சிலேயே உள்ளே போய் மூன்று வேட்டிகளை எடுத்து வந்து விரித்துக் காட்டினார். குறுக்கே மெல்லிய கோடு. பட்டை. "ஒண்ணுக்கு அறுவது கழிச்சுட்டாரு மொதலாளி." எடுத்துக் கொடுத்தேன். என் கண்ணெதிரிலேயே இரண்டு முறை எண்ணி முந்தானையில் முடிந்துகொண்டார். ஒரு ரூபாய் குறைக்கவில்லை. ஒரு டீ சொல்லட்டுமா என்று மட்டும் கேட்டார்.

படித்த இரண்டு வருடமும் எனக்கு எல்லாரும் சலுகை கொடுத்தார்கள். மாணவர்கள் முன் வரிசையில் இடம் விட்டார்கள், அலுவலகத்தில் வரிசையில் நிற்க விடவில்லை, இந்த வயதில் இதுவே பெரிது என்று சொல்லாத ஆள் இல்லை. என் படிப்பும் ஒரு வேலைதான், அதற்காக இன்னொருவர் வேலை நின்றால் அதற்குக் கூலி உண்டு என்று நடந்துகொண்டவர் அந்த அக்கா ஒருவர்தான். அப்படி முழு மனுஷனாக நடத்தப்பட, ஐம்பத்தெட்டுத் தறிக்கு இருபத்தெட்டு வீதம் இரண்டு நாளும், பட்டை விழுந்த மூன்று வேட்டியும் சேர்த்து, எனக்கு ஆன செலவு மூவாயிரத்து நானூற்று இருபத்தெட்டு ரூபாய்.